நல்லதண்ணிக் கிணறும் நான் காணாத கனவும்

காங்கேசன்துறையில் கப்பலை விட்டு இறங்கியபோது என் வயிற்றில் எதுவும் மிச்சமில்லை. கடல் அப்படியொன்றும் கொந்தளிக்கவில்லை. பக்கத்து இருக்கைக் குழந்தை வழியெல்லாம் பிஸ்கட் தின்றுகொண்டு வந்தது. நாகூரில் பிறந்து கடலைப் பார்த்தே வளர்ந்த நான்தான் ஐம்பத்து நான்கு வயதில் பாலித்தீன் பைக்குள் தலையை விட்டுக்கொண்டு வந்தேன். குழந்தையின் தாய் ஒரு எலுமிச்சம்பழத்தை என் கையில் வைத்து, "மணந்துகொண்டிருங்கோ அண்ணை, இறங்கிற இடம் வந்திட்டுது" என்றாள். குழந்தை என்னையே பார்த்தது. இவ்வளவு பெரிய ஆள் வாந்தி எடுத்து அது அதற்கு முன்னால் பார்த்ததில்லை போலிருக்கிறது.

போன காரியம் இதுதான். என் மனைவி ஹமீதாவின் வாப்பா யாழ்ப்பாணத்துக்காரர். சோனகத் தெருவின் ஓரத்தில் அவருக்கு ஒரு வளவு இருந்தது. தொண்ணூறில் முஸ்லிம்களையெல்லாம் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது வெளியேறியவர் நாகூரில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து, அங்கேயே எனக்குப் பெண் கொடுத்து, அங்கேயே மௌத்தானார். வளவு ஹமீதாவின் பெயரில் இருக்கிறது. வீடு இடிந்துபோய் ஒரு வேம்பும் ஒரு கிணறும்தான் மிச்சம். கொழும்புக்காரர் ஒருவர் அதை வாங்கத் தயாராக இருப்பதாகத் தரகர் போன் செய்திருந்தார். ஹமீதாவுக்கு முழங்கால் வலி. ஆகவே அட்டர்னி பத்திரத்தோடு நான் புறப்பட்டேன்.

வாசலில் அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "முடிவு உங்க கையில. ஆனா இஸ்திகாரா தொழாம எதுக்கும் தலையாட்டக் கூடாது."

இஸ்திகாரா என்பது ஒரு காரியத்தில் இறங்குமுன் அல்லாஹ்விடம் வழி கேட்பது. இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, 'இது எனக்கு நல்லது என்று நீ அறிந்திருந்தால் லேசாக்கிக் கொடு, கெட்டது என்றால் என்னை அதிலிருந்து திருப்பிவிடு' என்று கேட்க வேண்டும். ஹமீதா இதை எல்லாவற்றுக்கும் செய்வாள். மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்பதற்கும் தொழுதாள், மிக்ஸி வாங்கவும் தொழுதாள். "கனவுல எத்தனை ஜாரோட வந்துச்சு?" என்று கேட்டேன். "சிரிங்க. பெருசுக்கு மட்டும் கேட்டா, சின்னதுக்கு அவன் வேணாம்னு ஆயிடும்ல?" என்றாள். நான் இன்னும் கொஞ்சம் சிரித்துவைத்தேன்.

யாழ்ப்பாணத்தில் தங்கியது ஹமீதாவின் பெரியப்பா மகன் ரசீன் மச்சான் வீட்டில். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னத் தேநீர்க் கடை வைத்திருக்கிறார். நான் வாய் திறந்தாலே கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "படத்திலை கதைக்கிற மாதிரியே கதைக்கிறார்" என்றார் ஒருவர். படத்தில் வருகிறவர்களுக்கு என் தொப்பை இருக்காது என்றேன். அந்த ஒரு பகடியால் கடையில் எனக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது.

அன்று பின்னேரமே வளவைப் பார்க்கப் போனேன். முள்ளும் புதருமாக இருக்கும் என்று நினைத்துக் கத்தி ஒன்று கேட்டு வாங்கிப் போனேன். போனால் வளவு கூட்டிப் பெருக்கியிருந்தது. பக்கத்து வீட்டு பூமணி அக்கா விளக்குமாறோடு நின்றார். அறுபது தாண்டியவர், நெற்றியில் திருநீறு. கையில் கத்தியோடு நான் நிற்பதைப் பார்த்து, "என்ன தம்பி, ஆரை வெட்டப் போறியள்?" என்றார்.

இன்னார் மருமகன் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், கப்பியில் கயிற்றை விட்டு ஒரு வாளி அள்ளினார். "குடிச்சுப் பாருங்கோ."

குடித்தேன். நாகூரில் நாங்கள் கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவர்கள். தண்ணீருக்கு ருசி உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"இந்தத் தெருவிலை நல்லதண்ணி இது ஒண்டுதான். எங்கடை கிணறு உவராய்ப் போட்டுது. சோறு அவிச்சா சோறே மஞ்சளிக்குது. உங்கடை மாமா இருக்கேக்கையும் நாங்கள் இதிலைதான் அள்ளினது. அவை போன பிறகு வருசா வருசம் இறைச்சுத் துப்புரவாக்கி வைச்சிருக்கிறம். பிழையெண்டாச் சொல்லுங்கோ."

பிழையா? முப்பது வருடத்துக்கும் மேல் எங்கள் கிணற்றைக் காப்பாற்றி வைத்திருப்பவர் என்னிடம் பிழையா என்று கேட்கிறார்.

சாப்பிடாமல் விடவில்லை. "எங்கடை வீட்டிலை சாப்பிடுவியளோ? இண்டைக்கு மரக்கறிதான், பயப்பிடாதேங்கோ." எங்கள் ஊரில் புட்டு என்றால் சீனியும் வாழைப்பழமும். இங்கே அது ஒரு சாம்ராஜ்யம். சிவப்பரிசி மாப் புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி, ஒரு காரமான சம்பல். மூன்றாம் தரமும் வைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

வாய் நிறையப் புட்டு இருக்கும்போதுதான் அவர் விசயத்துக்கு வந்தார். மகள் செல்வி கைக்குழந்தையோடு இங்கேதான் இருக்கிறாள். பின்பக்கத்தில் அவளுக்கு ஒரு சின்ன வீடு எழும்புகிறது. "நீங்கள் விக்கப் போறியள் எண்டு கேள்வி. வித்தா வாங்கிறவை மதில் கட்டுவினம். கிணத்திலை எங்களுக்கு ஒரு பங்கும், வந்துபோக ஒரு நடைவழியும் உறுதியிலை எழுதி விட்டியளெண்டா, பிறகு ஆர் வந்தாலும் மறிக்கேலாது. இஞ்சை அப்பிடித்தான் எழுதுறவை."

உறுதி என்றால் காணிப் பத்திரம். கிணற்றுக்குப் பங்கு எழுதுவது அந்த ஊர் வழக்கம் என்று எனக்கும் தெரியும். ஏனென்றால் தரகர் அதைக் காலையிலேயே போனில் எச்சரித்திருந்தார். "கிணத்துப் பங்கு கிங்கு எண்டு எழுதினியளோ, கொழும்பு ஆள் வாங்கமாட்டார்."

நான் விற்க நினைத்தேன். நாகூரில் என் கைலிக் கடைக்கு மேலே ஒரு மாடி எழும்புவதை மனதுக்குள் பலமுறை பார்த்து, பெயின்ட்கூட அடித்திருந்தேன். ஆனால் இவருடைய புட்டை விழுங்கிக்கொண்டே மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அந்த நேரத்தில் என் ஊர் எனக்குக் கற்றுத்தந்த வித்தை கைகொடுத்தது.

"இஸ்திகாரா பாத்துட்டுச் சொல்றேங்க்கா."

எங்கள் பக்கத்தில் இதற்கு என்ன பொருள் என்பது குழந்தைக்கும் தெரியும். சம்மதமில்லாத இடத்தில் முகம் முறியாமல் இருக்க, 'இஸ்திகாரா பார்த்தோம், சரியா வரல' என்போம். கேட்டவர் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். எனக்குப் பெண் தர மறுத்த வீடுகளெல்லாம் அல்லாஹ்வின் பெயரில்தான் மறுத்தன. ஒருவர்கூட என் மூக்கைப் பற்றிச் சொல்லவில்லை. இந்த மரியாதையை நம்பித்தான் நானும் சொன்னேன்.

ஆனால் பூமணி அக்கா கை கழுவக் கொடுத்த செம்போடு அப்படியே நின்றார். "அதென்ன தம்பி?"

விளக்கினேன். கொஞ்சம் அலங்காரமாகவே விளக்கினேன். தொழுதுவிட்டுப் படுத்தால் கனவில் தெரியும், வெள்ளை பச்சை என்றால் செய்யலாம், சிவப்பு கறுப்பு என்றால் விட்டுவிட வேண்டும் என்று, ஆலிம்கள் ஒத்துக்கொள்ளாத பேச்சுக்களையும் சேர்த்துக்கொண்டேன்.

"ஓம் ஓம், விளங்குது! நாங்கள் பிள்ளையாரிட்டைப் பூக்கட்டிப் பாக்கிறம். வெள்ளைப் பூ வந்தாச் செய்யலாம், சிவப்பு வந்தா வேண்டாம். ரெண்டு பேருக்கும் ஒரே நிறந்தான்!" அவருக்குப் பெரிய சந்தோசம். உள்ளே போய் ஒரு புதுப் பாயைக் கொண்டுவந்தார். "ஒருத்தரும் படுக்காத பாய். இதிலை நிண்டு கேளுங்கோ. இஞ்சையே கேக்கிறதெண்டாச் சொல்லுங்கோ, கோயில் மைக்காரப் பெடியளிட்டைச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுறன்."

வேண்டாம், ரசீன் வீட்டிலேயே கேட்கிறேன் என்று பாயை வாங்கிக்கொண்டு தப்பினேன்.

அன்றிரவு என்ன செய்தேன் என்றால், ஒரு கொத்து ரொட்டி சாப்பிட்டேன். அதன்மேல் ஒரு ஐஸ்கிரீம். பிறகு அந்தப் புதுப் பாயை விரித்துப் படுத்தேன். நல்ல தூக்கம். கனவு எதுவுமில்லை.

மறுநாள் காலை பாயைச் சுருட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே முகத்தைக் கொஞ்சம் தொங்கப்போட்டு, "அக்கா, சரியா வரல" என்றேன்.

நாகூராக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும்.

"என்ன நிறம்?" என்றார் பூமணி அக்கா.

"என்னக்கா?"

"கனவிலை. என்ன நிறம் வந்தது?"

"சிவப்பு."

"முழுக்கவோ?"

"முழுக்க" என்றேன். வேறு என்ன சொல்வது, கரையில் கொஞ்சம் வெள்ளை இருந்தது என்றா?

அவர் பாயை வாங்கி விரித்து வெயிலில் பிடித்தார். ஒரு முனையில் என் தலை எண்ணெய் வட்டமாகக் கறை பிடித்திருந்தது. அதை விரலால் மெல்லத் தொட்டார். "நெத்தி பட்ட இடமோ? எவ்வளவு நேரம் தலையை வைச்சுக் கேட்டிருக்கிறியள்!"

நான் "ம்" என்றேன். என் வாழ்க்கையில் ஒரு எழுத்து அவ்வளவு கனமாக இருந்ததில்லை.

கெஞ்சுவார், அழுவார் என்று நினைத்து வழியெல்லாம் பதில்கள் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. "சரி தம்பி. கடவுள் வேண்டாமெண்டாப் பிறகு நாங்கள் என்ன கதைக்கிறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஹமீதா போன் செய்தாள். "தொழுதீங்களா?" தொழுதேன் என்றேன். "மனசு எப்படி இருக்கு?" நிம்மதியா இருக்கு என்றேன். ஒரே காலைக்குள் இத்தனை பொய்.

பின்னேரம் தரகரோடு வளவை அளக்கப் போனேன். கிணற்றின் கப்பியில் கயிறு இல்லை. வாளியும் கயிறும் கழுவிக் காயவைத்து, வேம்படியில் அழகாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. தெருமுனைக் குழாயிலிருந்து செல்வி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கைப்பிடியின் இரண்டு பக்கமும் தண்ணீர்க் கேன்கள். பின்னால் இன்னொன்று. குழந்தை ஒரு துணியில் அவள் முதுகோடு கட்டியிருந்தது.

தரகர் அளந்துவிட்டுப் போனதும் பூமணி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டு, "குடியுங்கோ, போத்தில் தண்ணி. கடையிலை வாங்கினது. உங்கடை கிணத்திலை அள்ளேல்லை" என்றார்.

"அக்கா, அள்ள வேணாம்னு நான் சொல்லலையே. விக்கிற வரைக்கும் அள்ளுங்க."

"நீங்கள் சொல்லேல்லைத்தான். சொன்னவர் வேறை ஆள் எல்லோ."

அந்தத் தேநீரைக் குடித்து முடித்தது எப்படி என்று தெரியவில்லை.

கடைக்குத் திரும்பி ரசீன் மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு பகடி போல. நெற்றிக் கறை இடத்தில் சிரிப்பார் என்று எதிர்பார்த்து நிறுத்தினேன். அவர் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார்.

"எங்கட ஆக்களெண்டா 'விருப்பமில்லைப் போல' எண்டு விளங்கிக்கொண்டு போயிருப்பினம் மச்சான். அவவுக்கு அது தெரியாது. அவ நம்பிட்டா."

"என்னையா?"

"உங்களை ஆர் நம்பினது? அல்லாஹ்வை." கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். "ஓதப் போகேக்கை ஹஸரத் சொல்லித்தந்தது நினைவிருக்கோ? காணாத கனவைக் கண்டதெண்டு சொன்னவனுக்கு மறுமையிலை ரெண்டு வாற்கோதுமை மணியைக் குடுத்து, ரெண்டையும் முடிச்சுப் போடு எண்டு சொல்லுவினமாம். போடுமட்டும் விடமாட்டினமாம்."

அன்றைய சோற்றில் அருமையான நண்டுக்கறி. யாழ்ப்பாணத்து நண்டைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று ஊரிலிருந்தே நினைத்து வந்தவன் நான். ஆனால் தட்டின் ஓரத்தில் இரண்டு சோற்றுப் பருக்கைகளை வைத்துக்கொண்டு அவற்றை எப்படி முடிச்சுப் போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவித்த பருக்கைக்கே முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை, வெட்கமுள்ள மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் இன்னொரு பொய்யை எடுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, ராத்திரி மறுபடி கேட்டேன். வெள்ளையா வந்துச்சு. எழுதிக் குடுத்துடறேன்."

பூமணி அக்கா முருங்கைக்காய் நறுக்குவதை நிறுத்தினார். "ஒருக்காக் கேட்டதை ரெண்டாந்தரம் கேக்கப்படாது தம்பி. பிடிச்ச பதில் வருமட்டும் கேக்கிறதெண்டா, அது கேக்கிறதோ? எங்களிலை இரக்கப்பட்டு உங்கடை அல்லாவோடை மல்லுக்கட்டாதேங்கோ. எங்களுக்கு வேண்டாம்."

எங்கள் மார்க்கத்தில் இஸ்திகாரா திரும்பவும் தொழலாம். ஆனால் முதல்முறையே தொழாதவன் அந்தச் சட்டத்தை எந்த வாயால் பேசுவது? கிணற்றைக் கொடுக்க ஒரே வழிதான் இருந்தது. கைலியைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா, நான் தொழவே இல்லை. கனவும் வரல. கொழும்புக்காரர் பங்கு எழுதினா வாங்க மாட்டாராம். உங்ககிட்ட முடியாதுன்னு சொல்லத் தைரியமில்லாம, அவன் பேர்ல சொல்லிட்டேன்."

"அப்ப பாயிலை கிடந்தது?"

"தலை எண்ணெய். படுத்துத் தூங்கினேன்."

உள்ளே செல்வி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. பூமணி அக்கா என்னை ஏசியிருக்கலாம். கையில் கத்திகூட இருந்தது. அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, "உங்கடை கடவுளிலை உங்களுக்குப் பயமில்லையோ?" என்றார். ஏச்சே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் தாங்க முடியவில்லை.

பிறகு எழுந்துபோய்ப் பாயைக் கொண்டுவந்து வேம்படியில் போட்டார். "இப்ப கேளுங்கோ."

"இப்பவா?"

"நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

தொழுமுன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்யத் தண்ணீர் வேண்டும். அவர் அள்ளித் தரவில்லை. வாளியை மட்டும் சுட்டிக்காட்டினார். கயிற்றைக் கப்பியில் ஏற்றி நானே அள்ளினேன். முதல் வாளி பாதிவழியில் சரிந்து கொட்டியது. இரண்டாவதில் கால்வாசி வந்தது, மிச்சம் என் கைலியில். கடைக்கார முதலாளி கிணற்றோடு மல்லுக்கட்டுவதைச் செல்வி கதவருகே நின்று பார்த்தாள். சிரித்தாளோ என்று தெரியவில்லை. நான் நிமிரவில்லை.

தொழுதேன். ஸுஜூதில் நெற்றியை வைத்தபோது, எத்தனையோ வருடங்களாக நான் அல்லாஹ்விடம் எதையும் கேட்டதில்லை, ஏற்கெனவே முடிவு செய்தவற்றுக்குக் கையெழுத்துதான் கேட்டிருக்கிறேன் என்பது தெரிந்தது. மிக்ஸிக்காகத் தொழுதவள் நினைவுக்கு வந்தாள். அவள் உண்மையாகவே கேட்டாள். வேண்டாம் என்று வந்திருந்தால் அம்மியிலேயே அரைத்திருப்பாள்.

ஸலாம் கொடுத்து, துஆவை முடித்துத் திரும்பினேன். "என்ன சொன்னவர்?" என்றார் பூமணி அக்கா.

"ஒண்ணும் சொல்லலக்கா. நிறம் எதுவும் தெரியல. நான் எழுதிக் குடுக்கப் போறேன். கெட்டதுன்னா வழியிலேயே தடுத்துடட்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

அவர் பாயைச் சுருட்டினார். "சரி. ஆனா எழுதி முடியுமட்டும் நான் அள்ளமாட்டன்."

தரகருக்குப் போன் செய்து, கிணற்றுப் பங்கு எழுதப் போகிறேன் என்றேன். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. உறுதி எழுதும் நொத்தாரிசு வீடு உடுவிலில். ரசீன் மச்சானின் சைக்கிளில் புறப்பட்டேன். தடுத்துவிடு என்று கேட்டுவிட்டுச் சைக்கிள் ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. நாய் குறுக்கே ஓடினால் இதுதானோ? மழை தூறினால் இதுதானோ? உடுவில் பள்ளிக்கூடத்துக்குக் கிட்டப் போகும்போது என் கைலி செயினுக்குள் போய்ச் சிக்கியது. இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை. இடுப்பில் ஒரு கையும் ஹேண்டிலில் ஒரு கையுமாக நடுத்தெருவில் நின்றேன்.

அந்த நேரம் பார்த்து ஹமீதா போன் செய்தாள். கைலி செயினில் இருக்கும் மனிதனுக்கு இனி என்ன மானம்? கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில் போனை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

 "நிறமெல்லாம் சொன்னீங்களா?" என்றாள்.

"சொன்னேன்."

"என்ன நிறம்?"

"சிவப்பு."

"எழுதிக் குடுத்துட்டு வாங்க. நிலம் வித்தா விக்குது, விக்காட்டிப் போவுது. மத்ததை வீட்ல வந்து பேசிக்கலாம்." அந்த 'மத்ததை'யில் எனக்கு வேர்த்துவிட்டது.

பள்ளிவிட்டு வந்த மாணவிகளில் ஒருத்தி சைக்கிளை நிறுத்தி, "அங்கிள், பெடலைப் பின்னுக்குச் சுத்துங்கோ, சாரம் வந்திடும்" என்றாள். சுற்றினேன். வந்துவிட்டது, கறுப்புக் கிரீஸோடு. நொத்தாரிசு வீட்டில் இருந்தார். மறுநாள் காலையிலேயே கையெழுத்து முடிந்தது. சாட்சிக்கு ரசீன் மச்சான். எதுவும் தடுக்கவில்லை. கொழும்புக்காரர் மட்டும் பிறகு போனே எடுக்கவில்லை.

புறப்படுமுன் சொல்லிக்கொள்ளப் போனேன். கப்பியில் கயிறு ஏறியிருந்தது. பூமணி அக்கா தேத்தண்ணி தந்தார். போத்தில் தண்ணீரில்லை என்று அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"தம்பி, இனிமேல் எங்கையாவது போய்ப் பொய் சொல்ல வேண்டி வந்தா, உங்கடை அல்லாவை இழுக்காதேங்கோ. எங்கடை பிள்ளையாரிலை போடுங்கோ. அவர் எங்களைப்போலை ஆக்களோடை பழகினவர், பொறுத்துக்கொள்ளுவார்."

செல்வி இப்போது நன்றாகவே சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். பூமணி அக்கா பாயை என் கக்கத்தில் செருகினார். "கொண்டுபோங்கோ. நீங்கள் தொழுத பாய் எல்லோ."

கப்பலில் இந்தத் தடவை வாந்தி வரவில்லை. பாயை மடியில் வைத்திருந்தேன். கறை உள்ளே போகும்படி சுருட்டியிருக்கலாம். முதலில் அப்படித்தான் சுருட்டினேன். பிறகு பிரித்து, கறை வெளியே தெரியும்படி மறுபடி சுருட்டினேன்.

பக்கத்து இருக்கைப் பெரியவர் என் தொப்பியையும் பாயையும் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார். "தொழுகிற பாயோ? இது நெத்தி பட்ட அடையாளமாக்கும்?"

"இல்லீங்க. தலை வச்சுப் படுத்தது" என்றேன்.